ஜீப் விஞ்சைப் படகில் போடலாமா?

வாசகர் கேள்வி, 15 பிப்ரவரி 2025

அண்ணே, என்னிடம் 30 அடி ஃபைபர் படகு இருக்கிறது. பினாங்குப் பக்கம், பத்து உபான் என்ற ஊரில் கட்டிப் போட்டிருக்கிறேன். 15 கிலோ நங்கூரம், இப்போதைக்குக் கயிறுதான், சங்கிலி இனிமேல்தான் வாங்க வேண்டும். கையால் இழுத்து இழுத்து முதுகு போய்விட்டது. மச்சானின் ஹைலக்ஸ் வண்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விஞ்ச் சும்மா கிடக்கிறது. 9,500 பவுண்டு இழுக்குமாம். அதை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் போட்டால் என்ன? படகு விஞ்ச் என்று பெயர் வைத்தாலே விலை எங்கேயோ போய்விடுகிறது. இழுப்பது இழுப்பதுதானே?

15 பிப்ரவரி, இரவு

போடாதீர்கள் தம்பி.

9,500 பவுண்டு என்றால் ஏறக்குறைய 4,300 கிலோ. உங்கள் நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து நூறு கிலோவைத் தொடாது. இழுவைச் சக்தி உங்களுக்குக் குறையே இல்லை. மற்ற எல்லாமும்தான் பொருந்தவில்லை. ஜீப் விஞ்ச் சேற்றில் சிக்கிய வண்டியைக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஆறுவதற்காகச் செய்தது. முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். உருளையில் 25, 30 மீட்டர் கம்பிக்கயிறு சுற்றத்தான் இடம் உண்டு, சங்கிலி அதில் ஏறாது. நங்கூரத்தை இறக்கும்போது கிளட்சைத் தளர்த்தினால் வேகம் உங்கள் கையில் இல்லை. மோட்டாரை ஓட்டி இறக்கினால் உருளைக்குள் இருக்கும் பிரேக் சூடேறும். மழைக்கு மூடி போட்டிருப்பார்கள், ஆனால் அணியத்தில் தினமும் தெறிக்கும் உப்புத் தண்ணீருக்கு அது போதாது.

நங்கூர விஞ்சில் உருளைக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். ஜிப்சி என்பார்கள். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து எழுந்து, கீழே இருக்கும் சங்கிலிப் பெட்டிக்குள் தானே விழும். விஞ்ச் எதையும் சுற்றி வைத்துக்கொள்வதில்லை.

16 பிப்ரவரி

சங்கிலி இன்னும் வாங்கவில்லை என்று நேற்று எழுதியிருந்தீர்கள். அது நல்லதாகப் போயிற்று. விஞ்சையும் வாங்காதீர்கள், சங்கிலியையும் வாங்காதீர்கள். முதலில் எங்கே நங்கூரம் போடுவீர்கள் என்று சொல்லுங்கள். மீன் பிடிக்கக் கெண்டித் தீவுப் பக்கமா, ஜெரெஜாக் கால்வாயிலா, தெலுக் பாஹாங்கிலா? ராத்திரி தங்குவது உண்டா?

18 பிப்ரவரி

ஜெரெஜாக், சில சமயம் ராத்திரி, ஆழம் 5 மீட்டர் என்று பதில் வந்திருக்கிறது. சரி, கணக்கை இங்கிருந்து தொடங்கலாம்.

வற்றத்தில் 5 மீட்டர். பினாங்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 2 மீட்டர் அளவில் வித்தியாசம் வரும். தண்ணீருக்கு மேலே அணியம் 1 மீட்டர். மொத்தம் 8. இதற்கு ஐந்து மடங்கு விட்டால் 40 மீட்டர். முழுக்கச் சங்கிலியாகவே 40 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கொஞ்சம் கயிறு இருக்கட்டும்.

8 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.45 கிலோ. 40 மீட்டருக்கு 58 கிலோ, நங்கூரம் 15, ஆக 73. தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு எடை குறையும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், சேறு அதை ஈடுகட்டிவிடும். விஞ்சின் அதிகபட்ச இழுவை இந்த மொத்த எடையைப் போல் மூன்று, நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 220 முதல் 290 கிலோ. 700 வாட் வகை விஞ்ச் இந்தப் படகுக்குச் சரியாக வரும். 1,000 வாட் வாங்கினால் கெட்டுப்போகாது, ஆனால் கேபிள் செலவும் சேர்ந்து ஏறும்.

இனி சங்கிலிக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலோர் பணத்தை விடுகிறார்கள்.

8 மி.மீ. என்பது கம்பியின் தடிமன் மட்டும். ஜிப்சிக்கு முக்கியம் வளையத்தின் உள் நீளம். டின் 766 என்ற ஜெர்மன் அளவில் 8 மி.மீ. சங்கிலிக்கு அது 24 மி.மீ. அமெரிக்க அளவுச் சங்கிலியில் 26 அளவில் வரும். ஹார்டுவேர் கடையில் மீன்பிடிப் படகுக்காரர்கள் வாங்கும் நீள வளையச் சங்கிலியில் 52 வரை போகும். மூன்றுமே 8 மி.மீ. சங்கிலிதான். ஒன்றுக்குச் செய்த ஜிப்சியில் மற்றொன்று ஓடாது. முதல் இரண்டு மீட்டர் ஓடுவது போலத் தெரியும், பிறகு வளையம் பள்ளத்தின் மேல் ஏறிக் குதித்து, சங்கிலி மொத்தமும் சரசரவென்று கடலுக்குத் திரும்பிப் போகும். அந்த நேரத்தில் கையை வைத்துப் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு விரல் போகும். பார்த்திருக்கிறேன்.

கடையில் அளக்க எளிய வழி உண்டு. பத்து வளையத்தை இறுக்கமாக நீட்டி, வெளி முனையிலிருந்து வெளி முனைக்கு அளவுநாடா பிடியுங்கள். டின் 766 என்றால் 256 மி.மீ. வரும். கடை முதலாளித் தவுக்கே சத்தியம் செய்தாலும் அளந்து பாருங்கள். லூமார், மாக்ஸ்வெல், குயிக், லோஃப்ரான்ஸ் எதை வாங்கினாலும் எந்தச் சங்கிலிக்கு எந்த எண் ஜிப்சி என்ற பட்டியல் கையேட்டில் இருக்கும். சங்கிலியை முடிவு செய்துவிட்டு அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

19 பிப்ரவரி

பட்டர்வொர்த் அன்பர் கேட்கிறார், துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி நல்லதா என்று. வழவழப்பாக ஓடும், பெட்டிக்குள் குவியாமல் பரவும். விலை பல மடங்கு. நம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில், சேற்றுக்குள் காற்றில்லாமல் கிடந்தால் அதுவும் உள்ளுக்குள் அரிக்கும், வெளியே தெரியாது. நான் துத்தநாகம் பூசியதையே வைத்திருக்கிறேன். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும்.

23 பிப்ரவரி

கேபிள்.

700 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 58 ஆம்பியர். அது கையேட்டுக் கணக்கு. சேற்றில் பதிந்த நங்கூரத்தில் 80, அதற்கு மேலும் போகும். பேட்டரி பின்பக்கம், விஞ்ச் அணியத்தில். படகு ஓரமாக வளைந்து போகும் வழியை அளந்தால் 9 மீட்டர் என்கிறீர்கள். மின்சாரம் போய்த் திரும்பி வர வேண்டும், ஆகவே 18 மீட்டர். பலர் ஒரு பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கேபிள் வாங்குகிறார்கள்.

80 ஆம்பியரில், 18 மீட்டருக்கு, செம்பில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்றால்: 16 சதுர மி.மீ. கேபிளில் ஏறக்குறைய 1.6 வோல்ட், 25-இல் 1 வோல்ட், 35-இல் 0.7, 50-இல் 0.5. பேட்டரி பாரத்தில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும், அதில் இன்னும் 1.6 போனால் மோட்டாருக்கு 10 வோல்ட்தான் போய்ச் சேரும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடேறும். 10 சதவீத இழப்பு வரை பரவாயில்லை என்பது பொது வழக்கம். நான் 5, 6 சதவீதத்தில் நிற்க விரும்புகிறேன். உங்களுக்கு 35 போதும், கையில் காசு இருந்தால் 50.

வெல்டிங் கேபிள் மலிவு, நன்றாக வளையும் என்று யாராவது சொல்வார்கள். இந்தப் படகில் அது வேண்டாம். அதன் மெல்லிய செம்பு இழைகளில் வெள்ளீயப் பூச்சு இல்லை. உப்புக் காற்று நுனி வழியாக உறைக்குள் ஏறி, ஓரிரு வருடத்தில் இழை கறுத்துவிடும். வெளியே ரப்பர் புத்தம் புதிதாக இருக்கும். வெள்ளீயம் பூசிய படகுக் கேபிளே வாங்குங்கள். நுனியில் லக் என்ற உலோக முனைத் துண்டைச் சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் நசுக்கி, பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். பிறை ஊரில் கேபிள் வேலை செய்பவர்களிடம் அந்தக் கிரிம்பர் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

பிரேக்கர் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். விஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் 9 மீட்டர் கேபிளுக்குக் காவல் இல்லை. எத்தனை ஆம்பியர் என்பதைக் கையேடு சொல்லும், அதற்கு மேல் போடாதீர்கள். அடிக்கடி விழுகிறது என்று பெரிய பிரேக்கர் மாற்றினால் அடுத்து எரிவது மோட்டார்.

24 பிப்ரவரி

"இவ்வளவு ஆம்பியர் இழுத்தால் பேட்டரி காலியாகிவிடாதா?" ஆகாது. 40 மீட்டரை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் இழுக்க 2 நிமிடம். 80 ஆம்பியர் இரண்டு நிமிடத்துக்கு 2.7 ஆம்பியர் மணி. ஒரு சின்ன ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க எடுப்பது இதைவிட அதிகம். ஆனாலும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் விஞ்சைத் தொட வேண்டும். வோல்ட் குறையாமல் இருக்கும். அதைவிட, நங்கூரம் தரையை விட்டு எழுந்த நொடியில் நீரோட்டம் படகைக் கொண்டுபோகும், எஞ்சின் தயாராக இருக்க வேண்டும்.

2 மார்ச்

மேல்தளத்தில் துளை போடும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஃபைபர் மேல்தளம் பெரும்பாலும் வெறும் ஃபைபர் அல்ல. நடுவில் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். துளை வழியாகத் தண்ணீர் அதற்குள் போனால் மரம் ஊறி அழுகும், அதுவும் விஞ்ச் உட்காரும் இடத்திலேயே. வேண்டியதைவிடப் பெரிய துளை போட்டு, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி ஓரத்து மரத்தைச் சுற்றிக் குடைந்து எடுங்கள். கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். போல்ட் அப்போது எபாக்ஸிக்குள் போகும், மரத்தைத் தொடாது.

நம் ஊர் வெயிலில் எபாக்ஸி கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் கேட்டு வாங்குங்கள். காலை எட்டு மணிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டை எபாக்ஸியில் முக்கி எடுத்துத் தாங்கு பலகையாகக் கொடுங்கள். அதற்குக் கீழே பெரிய வாஷர். விஞ்சின் உடல் அலுமினியமாக இருந்தால் எஃகு போல்ட் தொடும் இடமெல்லாம் தனிப்படுத்தும் பசை பூச வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். விஞ்சுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, ஒருநாள் கழற்ற முடிகிற சீலண்டைப் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டும் வகையைப் போட்டால் பழுது பார்க்கும் நாளில் மேல்தளத்தையே பெயர்க்க வேண்டி வரும்.

5 மார்ச்

அணியத்திலேயே தனி பேட்டரி வைத்தால் கேபிள் செலவு மிச்சம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நீள கேபிளுக்கே நான் சாய்ந்திருந்தேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன், அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 50 சதுர மி.மீ. கேபிள் 18 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே 8 கிலோ. ஒரு நடுத்தர ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய வகை) 20 கிலோ. எடை வித்தியாசம் நான் நினைத்த அளவு பெரிதில்லை. 40 அடிக்கு மேல் இருக்கும் படகில் நான் அணியப் பேட்டரியைத்தான் சொல்வேன்.

ஆனால் அதற்குச் சார்ஜ் போக ஒரு கம்பி வேண்டும். மெல்லிய கம்பியில் தானியங்கி ரிலே மட்டும் வைத்து இணைத்தால், எஞ்சின் ஓடும்போது ரிலே மூடியிருக்கும், விஞ்ச் பின்பக்கப் பேட்டரியிலிருந்தும் அந்த மெல்லிய கம்பி வழியாகவே இழுக்கும். இரண்டு முனையிலும் ஃபியூஸ் கட்டாயம். டிசி-டிசி சார்ஜர் வைத்தால் இன்னும் நல்லது, தன் அளவுக்கு மேல் மின்னோட்டத்தை அது விடாது. 30 அடிக்கு இவ்வளவு சிக்கல் தேவையா? என் எண்ணம் இன்னும் நீள கேபிள்தான்.

16 மார்ச்

இந்த வாரம் மாசி மகத்துக்கு நண்பரின் படகில் தெலுக் பாஹாங் போயிருந்தேன். தெப்பத்தைப் பார்க்க வந்த படகுகள் நெருக்கமாக நங்கூரம் போட்டிருந்தன. பௌர்ணமியை ஒட்டிய நாள், ஏற்றவற்றம் அதிகம், நீரோட்டம் திரும்பியதும் எல்லாப் படகும் சேர்ந்து திரும்பின. தெப்பத்தைப் பார்ப்பதைவிட நான் மற்றவர்களின் அணியத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பல படகுகளில் சங்கிலி நேராக ஜிப்சியிலிருந்து கடலுக்குள் போனது. ஒரு கயிறு கிடையாது, ஒரு கொக்கி கிடையாது. படகின் மொத்தப் பாரமும் விஞ்சின் தண்டில்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று முதலிலிருந்தே இருந்தேன். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

ஏபிஒய்சி என்ற அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் அட்டவணை ஒன்று உண்டு. 30 அடிப் படகு நங்கூரத்தில் நிற்கும்போது 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் 175 பவுண்டு பாரம், 30 நாட்டில் 700, 42 நாட்டில் 1,400. கிலோவில் 80, 320, 640. காற்று இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு. நீங்கள் வாங்கப்போகும் விஞ்சின் அதிகபட்ச இழுவை 300 கிலோ சொச்சம். ஏப்ரல், மே தொடங்கி விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து அடிக்கும் புயல்காற்று 40 நாட்டைத் தொடக்கூடும். அதோடு அலையில் படகு துள்ளும்போது வரும் உதறலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி இறுகிவிட்டால் அதில் நீட்சியே இல்லை, ஒவ்வொரு உதறலும் சுத்தியல் அடி மாதிரி பல்சக்கரத்தில் விழும்.

ஜெரெஜாக்கில் இப்படி நின்ற ஒரு படகின் விஞ்ச் தண்டு வளைந்ததையும் அடியில் மேல்தளம் விரிந்ததையும் பார்த்திருக்கிறேன். விஞ்ச் நல்ல விஞ்ச். பொருத்தியதும் சரியாகத்தான் பொருத்தியிருந்தார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். 12 மி.மீ. மூன்று புரி நைலான் கயிறு, 8 அல்லது 10 மீட்டர். ஸ்னப்பர் என்பார்கள். சங்கிலியை விட்டு முடித்ததும் கயிற்றின் ஒரு முனையைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறு முனையை அணியத்துக் கிளீட்டில் (கயிறு கட்டும் உலோகக் கொம்பில்) கட்டுங்கள். பிறகு பாரம் கயிற்றுக்குப் போய், கொக்கிக்கும் ஜிப்சிக்கும் நடுவில் சங்கிலி தொய்ந்து தொங்கும் வரை இன்னும் கொஞ்சம் விடுங்கள். நைலான் நீண்டு சுருங்கி உதறலை வாங்கிக்கொள்ளும். கயிறு உரசும் இடத்தில் பழைய குழாய்த் துண்டு ஒன்றைப் போடுங்கள்.

என் அப்பா பட்டர்வொர்த் வார்ஃபில் விஞ்ச்மேனாக இருந்தவர். சரக்கைத் தொங்கவிட்டுவிட்டு யாராவது சாப்பிடப் போனால் அவருக்கு வரும் கோபத்தை வீட்டில் வந்து சொல்லித் தீர்ப்பார். தூக்கு, இறக்கு, கட்டு, கையை எடு. இதுதான் அவர் வரிசை. மின் விஞ்சுக்கும் அதே வரிசைதான்.

17 மார்ச்

சங்கிலித் தடுப்புப் பூட்டு, அதாவது மேல்தளத்தில் சங்கிலியைக் கவ்விப் பிடிக்கும் கருவி வைத்தாலும் ஸ்னப்பர் வேண்டுமா என்று கேள்வி வந்திருக்கிறது. ஆமாம், வேண்டும். பூட்டு விஞ்சைக் காப்பாற்றும், உதறலைக் குறைக்காது.

6 ஏப்ரல்

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் வகை விஞ்ச், மோட்டார் கீழே. நல்ல தேர்வு. அந்த வகையில் சங்கிலி ஜிப்சியைப் பாதி வட்டம் சுற்றிப் பிடிக்கும், படுத்த வகையில் கால் வட்டம்தான். சங்கிலி கடலுக்கு இறங்கும் முன் உருளையும் ஜிப்சியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. எபாக்ஸி வேலை அழகு.

ஒரு குறை. சங்கிலிப் பெட்டி ஆழமில்லை. முழுச் சங்கிலியும் உள்ளே கிடக்கும்போது குவியலின் உச்சிக்கும் மேல்தளத்துக்கும் நடுவே குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும். சங்கிலி தன் எடையால்தான் ஜிப்சியை விட்டுக் கீழே இறங்குகிறது. இடமில்லாவிட்டால் கூம்பாகக் குவிந்து, துளை வரை வந்து அடைத்துக்கொள்ளும், ஒருவர் உள்ளே கையை விட்டுத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியின் அடிப்பலகையை இறக்க முடியுமா பாருங்கள். வடிகால் துளையும் கடலுக்குத் திறக்க வேண்டும், படகின் அடிக்கு அல்ல.

ரிலே பெட்டியைச் சங்கிலிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். அங்கே எப்போதும் ஈரம். தடுப்புக்கு இந்தப் பக்கம், உறங்கும் அறைக்குள் கொண்டுவாருங்கள்.

20 ஏப்ரல்

சேறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெரெஜாக் கால்வாய்ச் சேறு நாற்றம் பிடித்தது, சங்கிலி வளையத்துக்குள் அப்பிக்கொண்டு வரும். அப்படியே உள்ளே போனால் உறங்கும் அறையில் ஆள் இருக்க முடியாது. கடல் தண்ணீரை இறைக்கும் ஒரு சின்ன பம்பும் குழாயும் அணியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் இழுங்கள், நிறுத்துங்கள், அடித்துக் கழுவுங்கள், மறுபடி இழுங்கள். மோட்டாருக்கும் ஓய்வு.

நீரோட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்ததில் நங்கூரம் ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்கும். விஞ்சால் பிடுங்காதீர்கள். எஞ்சினை மெதுவாக முன்னால் விட்டு, தொய்வை மட்டும் விஞ்சால் சேருங்கள். சங்கிலி நேர்க்குத்தாக நின்றதும் அதைக் கிளீட்டில் கட்டிவிட்டு எஞ்சினால் மெல்லத் தள்ளுங்கள், சேறு விடும். விட்ட பிறகு மறுபடி விஞ்ச். படகை முன்னால் இழுத்துச் செல்ல விஞ்சைப் பயன்படுத்துவது அடுத்த கெட்ட பழக்கம், மோட்டார்கள் பெரும்பாலும் அதில்தான் போகின்றன.

4 மே

பாலிக் புலாவ் அன்பர் 20 அடிப் படகு வைத்திருக்கிறார், அணியத்தில் சங்கிலிப் பெட்டியே கிடையாது. அவருக்கு உருளை வகையே நல்லது, அதாவது கயிற்றையும் சங்கிலியையும் முழுக்கத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் படகு விஞ்ச். மெல்லிய கயிறு, 6 மி.மீ. குட்டை வளையச் சங்கிலி கொஞ்சம், அவ்வளவுதான். ஜிப்சி கிடையாது, அளவுத் தொல்லையும் கிடையாது. பிப்ரவரியில் உருளை ஆகாது என்று நான் எழுதியது 40 மீட்டர் சங்கிலி உள்ள 30 அடிப் படகுக்கு. இவர் ராத்திரி தங்குவதில்லை, மீன் பிடிக்க மணிக்கு ஒரு இடம் மாறுகிறார். அவருக்கு அதுதான் சௌகரியம். ஜீப் விஞ்ச் அவருக்கும் வேண்டாம்.

கால் சுவிட்ச் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மூடி உள்ளதாக வாங்குங்கள். ரப்பர் வெடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போனால் தொடாமலே ஓடும். படகு ஓட்டத்தில் இருக்கும்போது பிரேக்கரை அணைத்து வையுங்கள், நங்கூரத்தைத் தனிக் கயிற்றாலும் கட்டி வையுங்கள். படகில் குழந்தைகள் இருந்தால் இதில் இன்னும் கவனம்.

10 மே

சங்கிலியின் கடைசி வளையத்தைப் படகோடு ஷேக்கிள் (திருகு போட்ட இரும்புக் கொக்கி) போட்டு மாட்டியிருப்பதாகத் தம்பி எழுதுகிறார். மாற்றுங்கள். நைலான் கயிற்றால் கட்டுங்கள், சங்கிலி முழுவதும் வெளியே போனால் அந்தக் கயிறு மேல்தளத்துக்கு மேலே வந்து தெரியும் அளவுக்கு நீளம். புயல்காற்றில் பக்கத்துப் படகு நழுவி உங்கள் மேல் வந்தால் இழுக்க நேரமிருக்காது. கத்தியால் அறுத்துவிட்டு, ஒரு மிதவையைக் கட்டிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தியை அணியத்திலேயே ஒரு உறையில் வைத்திருங்கள். விஞ்சின் கைப்பிடியும் அதே இடத்தில் இருக்கட்டும், மின்சாரம் போனால் கையால் சுற்ற அது வேண்டும்.